ரெண்டு மாச வாத்தியார்

"வெளிநாட்டுல போய் ஏழைப் பசங்களுக்குச் சும்மா இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கணும்னு ஆசையா இருக்கு. எப்படிப் போறது?" வருஷத்துக்கு நாலு பேராவது இந்தக் கேள்வியோட வந்துடறாங்க. 2009-ல ஜனவரி, பிப்ரவரி ரெண்டு மாசம் கம்போடியாவுல நான் அந்த வேலையைப் பார்த்தேன்கிற விஷயம் எப்படியோ பரவிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதனால மொத்தமா எழுதி வெச்சுடறேன். கொஞ்சம் நீளம்தான், ஒரு காப்பியோட உட்காருங்க.

முதல்ல இடம். அங்கோர் வாட் கோயில் இருக்கிற ஊர் சியாம் ரீப். அங்கிருந்து தொன்லே சாப் ஏரிப் பக்கமா சைக்கிள்ல ஒரு மணி நேரம் மிதிச்சா ஒரு கிராமம். வீடெல்லாம் தூண் மேல உசரமா நிக்கும். வீட்டுக்கு அடியில நிழலா ஒரு இடம் கிடைக்கும் பாருங்க, அதுல ரெண்டு கரும்பலகை, பத்து பெஞ்சு. அவ்வளவுதான் பள்ளிக்கூடம். நடத்துறவர் உள்ளூர் அரசுப் பள்ளி வாத்தியார். காலையில அங்க வேலை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க இங்கிலீஷ் வகுப்பு. கம்போடியாவுல அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அரை நாள்தான். ஒரு கூட்டம் காலையில, இன்னொரு கூட்டம் மத்தியானம். கட்டடமும் வாத்தியாரும் பத்தாததால இந்த ஏற்பாடு. மீதி அரை நாள் மாடு மேய்க்கலாம், மீன் வலை சிக்கெடுக்கலாம், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கலாம்.

புனோம் பென்ல வேலை பார்த்துக்கிட்டிருந்த நண்பன் மூலமா அந்த வாத்தியார் பழக்கம். நான் எந்த நிறுவனத்துக்கும் காசு கட்டிப் போகல. தங்கின வீட்டுக்குச் சாப்பாட்டுக்கும் அறைக்கும் பணம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வாத்தியாரை அங்க "லோக் க்ரூ"ன்னு கூப்பிடுவாங்க. டீச்சரம்மான்னா "நெக் க்ரூ". க்ரூன்னா நம்ம குருவேதான். பள்ளிக்கூடம் "சாலா". மொழி "பியாசா". எழுத்து "அக்சோ". கிழமையெல்லாம் கேளுங்க: அதித், சான், அங்கியா, புத், ப்ரஹோவா, சொக், சாவ். ஆதித்யன்ல ஆரம்பிச்சு சனி வரைக்கும் நம்ம பஞ்சாங்கமே! எழுத்தும் பல்லவர் எழுத்துலேர்ந்து கிளைச்சதுதான். தேதி போட்ட கெமர் கல்வெட்டுகள்ல ரொம்பப் பழசு கி.பி. 611-ஐச் சேர்ந்தது. வயல் வரப்பு முழுக்கப் பனைமரம் வேற. தமிழ்நாட்டுக்கும் அதுதான் மாநில மரம், கம்போடியாவுக்கும் அதுதான் தேசிய மரம். முதல் நாளே நுங்கு வெட்டிக் கொடுத்தாங்க. "இது எங்க ஊர்லயும் இருக்கு"ன்னு சொன்னா யாரும் நம்பல :-)

வயசுல மூத்தவங்களை "போங்"னு கூப்பிடணும். அண்ணன், அக்கா ரெண்டுக்கும் அதே வார்த்தை. நம்ம காதுக்குக் கூப்பிடும்போதெல்லாம் "போங்க போங்க"ன்னு விரட்டுற மாதிரியே கேக்கும். நான் அவரைப் போங்னு கூப்பிட, அவர் என்னைத் தம்பி முறையில "ஒவுன்"னு கூப்பிட, ரெண்டு நாள்ல நெருங்கிட்டோம்.

ஏன் இவ்வளவு இங்கிலீஷ் ஆசை?

இதைத் தெரிஞ்சுக்காம அங்க போறது வீண். 1975 ஏப்ரல் 17-லேர்ந்து 1979 ஜனவரி 7 வரைக்கும் கெமர் ரூஜ் ஆட்சி. பள்ளிக்கூடங்களை மூடிட்டாங்க. படிச்சவன்னு சந்தேகம் வந்தாலே உயிருக்கு ஆபத்து. புனோம் பென்ல ஒரு உயர்நிலைப் பள்ளியையே சிறையா மாத்தினாங்க. இன்னிக்கு அது துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம். போனா வகுப்பறைக்குள்ள செங்கல் வெச்சுக் கட்டின கொட்டடிகளைப் பார்க்கலாம். இதுல கொடுமை என்னன்னா, அந்தச் சிறையை நடத்தின டூச் ஒரு முன்னாள் கணக்கு வாத்தியார். போல் பாட்டும் தனியார் பள்ளியில பாடம் நடத்தினவர்தான்.

எண்பதுகள்ல வியட்நாம் ஆதரவு அரசு. பள்ளியில வியட்நாமிய மொழியும் ரஷ்ய மொழியும். இங்கிலீஷ் படிக்கிறது ஒளிஞ்சு மறைஞ்சு செய்யற காரியம். எங்க லோக் க்ரூ அவங்க மாமாகிட்ட ராத்திரி மண்ணெண்ணெய் விளக்குல கத்துக்கிட்டவர். யாராவது வந்தா புத்தகத்தை அரிசிப் பானைக்குள்ள போட்டுடுவாங்களாம். 1992-93-ல ஐ.நா. படை வந்து தேர்தல் நடத்துச்சு. இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்கெல்லாம் ஓட்டுநர் வேலை, மொழிபெயர்ப்பாளர் வேலை, அதுவும் டாலர் சம்பளம். 1999-ல ஆசியான்ல சேர்ந்தாங்க, அங்க வேலை மொழி இங்கிலீஷ். அப்புறம் அங்கோர் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம். வயல்ல நிக்கிற அப்பாவுக்கும் கணக்கு புரிஞ்சு போச்சு: இங்கிலீஷ்னா ஓட்டல் வேலை, இல்லைன்னா தாய்லாந்து எல்லை தாண்டிக் கூலி வேலை.

வால் வெட்டுறவங்களும் வால் ஒட்டுறவங்களும்

இப்ப வகுப்புக்கு வருவோம். முதல் வாரம் நான் ஙேன்னு முழிச்சேன். பசங்க "ஐ லை ரை"ன்னாங்க. லைக் ரைஸ்! ஃபைவ், ஃபைன், ஃபைல் எல்லாமே "ஃபை". காரணம் லோக் க்ரூ சொன்னார். கெமர் மொழியில கடைசி எழுத்தை வாய்க்குள்ளேயே அடைச்சுடுவாங்க, வெளிய விடமாட்டாங்க. கடைசியில "ஸ்" எழுதியிருந்தாலும் "ஹ்"னுதான் காத்து வரும். ஆரம்பத்துல மட்டும் மெய்யெழுத்துகளைச் சேர்த்து அடுக்குவாங்க. நம்மாள் "இஸ்கூல்"னு படியேறுற இடத்துல அவங்க "ஸ்கூ"ன்னு சறுக்கிட்டுப் போயிடுவாங்க.

சின்ன விஷயமாத் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க, இங்கிலீஷ் இலக்கணத்துல பாதி வார்த்தையோட வால்லதான் இருக்கு. பன்மைக்கு ஸ், நேத்து நடந்ததுக்கு ட். கெமர்ல பன்மை விகுதியும் கிடையாது, வினைச்சொல் காலத்துக்கு மாறவும் மாறாது. "ஏற்கெனவே", "நேத்து"ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா முடிஞ்சது. ஆக, எந்த இடத்துல இங்கிலீஷ் அர்த்தத்தை வெச்சிருக்கோ, அதே இடத்துல இவங்க வாயை மூடிடறாங்க. பரீட்சையில எழுதும்போது எஸ் விட்டுப் போறது அசட்டையால இல்ல. அது அவங்க காதுக்கே விழல.

நமக்கு நேர் எதிர் வியாதி. நாம பஸ்ஸு, புக்கு, கேட்டுன்னு வால் ஒட்டறவங்க. அதையே மருந்தாக்கினேன். "பஸ்ஸு", "ரைஸ்ஸு", "லைக்கு"ன்னு கத்தச் சொன்னேன். பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம். நாலு நாள் அந்த "உ"வோட கத்தினாங்க, அப்புறம் மெதுவா "உ"வைத் தேய்ச்சோம். ஸ் மட்டும் மிஞ்சுச்சு. எல்லாருக்கும் இல்ல, பாதிப் பேருக்கு. ஒரு ஆஸ்திரேலியப் பொண்ணு நடுவுல வந்து பார்த்துட்டு, "என்ன இது, ஜப்பான்காரங்க மாதிரிப் பேசறாங்க?"ன்னு கேட்டா. தமிழ்நாட்டு மருந்துன்னு சொன்னேன்.

இன்னொண்ணு, "யூ". அதைச் சொல்லப் பசங்க வாய் கூசும். போங், ஒவுன், க்ரூ, மாமா, பாட்டின்னு முறை வெச்சே பேசிப் பழகினவங்க. அதனாலதான் பார்த்ததும் முதல் கேள்வி "உங்களுக்கு எத்தனை வயசு?". வெள்ளைக்காரங்க சங்கடப்படுவாங்க, ஆனா வயசு தெரியாம எப்படிக் கூப்பிடறது? நீயா நீங்களான்னு தடுமாறுற நமக்கு அது சட்டுனு புரியும். "டீச்சர் ஈட் ரைஸ் ஆல்ரெடி?"ன்னு ஒரு வாண்டு தினமும் கேக்கும். கெமர்ல நலம் விசாரிக்கறதே "சோறு சாப்பிட்டாச்சா?"தான். இதை நான் திருத்தவே இல்ல. ஆமாண்டா, ஆச்சுன்னு பதில் சொன்னேன்.

எண்ணும் அப்படித்தான். அஞ்சு வரைக்கும் தனிப் பேரு, ஆறுன்னா அஞ்சு-ஒண்ணு, ஏழுன்னா அஞ்சு-ரெண்டு, ஒன்பதுன்னா அஞ்சு-நாலு. ஒரு கை விரலை மடக்கி அடுத்த கைக்குத் தாவுற கணக்கு. இது தெரியாத தன்னார்வலர் ஒருத்தர், "செவன் சொல்லச் சொன்னா இந்தப் பையன் அஞ்சு விரல் காட்டிட்டு அப்புறம் ரெண்டு காட்டறான், மந்தம் போல"ன்னு எழுதி வெச்சிருந்தார்.

எங்க எழுதி வெச்சிருந்தார்னு கேக்கறீங்களா? அதுதான் முக்கியமான விஷயம்.

நீள நோட்டு

லோக் க்ரூகிட்ட ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருந்துச்சு. வர்ற ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரும் அன்னன்னிக்கு என்ன நடத்தினோம்னு அதுல எழுதணும். எனக்கு முந்தின ஒரு வருஷத்துல பதினோரு பேர் வந்திருந்தாங்க. பெரும்பாலும் ஒரு வாரம், ரெண்டு வாரம். ராத்திரி உட்கார்ந்து முழுசாப் படிச்சேன். பதினோரு பேர்ல ஒன்பது பேர் முதல் நாள் நிறங்கள். ரெண்டாம் நாள் மிருகங்கள். மூணாம் நாள் தலை, தோள், முழங்கால்னு தொட்டுக் காட்டற பாட்டு. நாலாம் நாள் போட்டோ, அஞ்சாம் நாள் அழுகை, டாட்டா.

பசங்களுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். ஆனா ஒவ்வொரு புது முகம் வந்து சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டும்போதும் புதுசாப் பார்க்கற மாதிரியே ஆச்சரியப்பட்டு "ரெட்!"னு கத்துவாங்க. "ஏன் போங், தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன். "அவங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, மனசு கஷ்டப்படும்னு பசங்க நினைக்கறாங்க"ன்னார். யாரு யாருக்கு உதவி பண்றாங்கன்னு அப்பவே எனக்குத் தலை சுத்திடுச்சு.

அந்த ரெண்டு மாசத்துல நான் உருப்படியாச் செஞ்ச வேலை இதுதான்: நோட்டைப் பிரிச்சு எந்தப் பையன் எங்க நிக்கறான்னு ஒரு பட்டியல் போட்டோம். மூணு பிரிவு. ஒவ்வொண்ணுக்கும் அறுபது பாடம், வரிசையா. யார் வந்தாலும் எந்த எண்ல பாடம் நிக்குதோ அங்கிருந்து தொடங்கணும். முன்னாடி நின்னு நடத்தறது லோக் க்ரூ. வந்தவங்க பெஞ்சு நடுவுல உட்கார்ந்து பேசிப் பழக்கறது, உச்சரிப்பு, நோட்டுத் திருத்தறது. ரெண்டு பேர் இதுக்கு முகம் சுளிச்சுட்டு வேற இடம் பார்த்துப் போனாங்க. போகட்டும்.

அந்தப் பையன்

பிப்ரவரி நடுவுல ஒரு நாள் வகுப்பு முடிஞ்சதும் ஒரு அம்மா வந்து லோக் க்ரூ முன்னாடி கைகூப்பி உட்கார்ந்தாங்க. தினமும் "ஈட் ரைஸ் ஆல்ரெடி" கேக்கற வாண்டோட அம்மா. ஒன்பது வயசுப் பையன். அப்பா எல்லை தாண்டிக் கட்டட வேலைக்குப் போனவர், பணம் எப்பவாவது வரும். ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க வேற. டவுன்லேர்ந்து ஒரு ஆள் வந்திருக்கான். அங்க ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கு, பையனை விட்டா சாப்பாடு, துணி, கம்ப்யூட்டர் எல்லாம் கிடைக்கும், முக்கியமா வெள்ளைக்காரங்களே இங்கிலீஷ் சொல்லித் தருவாங்கன்னு சொல்லியிருக்கான். ஒரு தாள்ல கைநாட்டு வெச்சாப் போதுமாம். என்ன செய்யலாம்னு கேக்க வந்திருக்காங்க.

லோக் க்ரூ உடனே பதில் சொல்லல. டவுன்ல டுக்டுக் நிறுத்தத்துல நீங்க நின்னா தெரியும். "அங்கோர் வாட்? பாயோன்? ஆர்ஃபனேஜ்?"னு மூணையும் ஒரே மூச்சுல கேப்பாங்க. கோயில் பார்த்த கையோட அநாதைக் குழந்தைகளையும் பார்த்து, ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்து, படம் எடுத்துட்டு வரலாம். பசங்க டான்ஸ் ஆடுவாங்க. நல்லா நடக்கற இல்லங்களும் உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா லோக் க்ரூவுக்கு அந்தக் குறிப்பிட்ட இல்லத்துல இருந்த மூணு பசங்களைத் தெரியும். மூணு பேருக்கும் அம்மா அப்பா இருந்தாங்க.

பின்னாடி 2011-ல கம்போடிய அரசும் யூனிசெஃபும் வெளியிட்ட ஆய்வுல இதே கதை எண்ணா வந்துச்சு. இந்த மாதிரி இல்லங்கள்ல இருந்த குழந்தைகள்ல ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குப் பெற்றோர்ல ஒருத்தராவது உயிரோட இருந்தாங்க. 2005-க்கு அப்புறம் அஞ்சு வருஷத்துல இல்லங்களோட எண்ணிக்கை 75 சதவீதம் கூடியிருந்துச்சு. பணமும் தன்னார்வலர்களும் வர வர, இல்லங்கள் முளைச்சுது. இல்லத்தை நிரப்பக் குழந்தைகள் வேண்டியிருந்துச்சு. அதே வருஷம் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல்ங்கற அமைப்பு "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல"ன்னு பிரசாரமே நடத்துச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள குழந்தைகள், வெளிய கேமராவோட சுற்றுலாப் பயணிகள்னு அந்தச் சுவரொட்டி. பார்த்தவங்க மறக்க மாட்டாங்க.

ஆனா அன்னிக்கு எங்ககிட்ட ஆய்வும் இல்ல, சுவரொட்டியும் இல்ல. அந்தம்மாகிட்ட "அனுப்பாதீங்க"ன்னு சொல்றது சுலபம். அரிசிக்கு யார் பதில் சொல்றது? லோக் க்ரூ ரெண்டே கேள்வி கேட்டார். "பையனுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா அங்க யார் முழிச்சிருப்பா?" அந்தம்மா பேசல. "இங்கிலீஷ்தானே வேணும்? இங்க அஞ்சு மணிக்கு இல்லையா?"

"இங்க வெள்ளைக்காரங்க வாராவாரம் மாறிப் போயிடறாங்களே, வகுப்பு நின்னு போயிட்டா?"ன்னு கேட்டாங்க அந்தம்மா.

அவர் எழுந்து போய் நீள நோட்டை எடுத்துட்டு வந்தார். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பிரிச்சு, பையன் பேர் இருக்கிற வரியைக் காட்டி, "இவன் பதினேழாம் பாடம் முடிச்சிருக்கான். இன்னும் நாற்பத்து மூணு இருக்கு. யார் போனாலும் நான் இருப்பேன்"னார். என்னைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடல. நியாயம்தானே, நான் இன்னும் ரெண்டு வாரத்துல போகப் போறவன்.

அரிசி விஷயத்துக்கு ஊர் பகோடாவுல பேசினாங்க. அந்தம்மாவுக்கு அங்க சமையல்ல கொஞ்சம் வேலை கிடைச்சுது. பையன் போகல. நான் கிளம்பற அன்னிக்கு இருபத்து ரெண்டாம் பாடத்துல இருந்தான்.

பணம்

சொல்லாம விட முடியாத விஷயம். தன்னார்வலர்கள்ல சிலர் ஒரு நிறுவனம் மூலமா வந்திருந்தாங்க (பேர் வேண்டாம்). ஒரு வாரத்துக்கு அவங்க கட்டின தொகையைக் கேட்டு எனக்கு விக்கல் எடுத்துச்சு. லோக் க்ரூவோட மாசச் சம்பளம் அதுல பாதிகூட இல்ல. அந்தப் பணத்துல வகுப்புக்கு வந்தது ரெண்டு டப்பா சாக்பீஸும் ஒரு பந்தும். சம்பளம் பத்தாம அரசுப் பள்ளி வாத்தியார்களே பசங்ககிட்ட தினம் கொஞ்சம் ரியல் வாங்கிக்கிட்டுத் தனி வகுப்பு எடுக்கற ஊர் அது. அப்படி வாங்காத ஒருத்தர் பக்கத்துல, அவர் சம்பளத்தைவிட அதிகமா யாருக்கோ கட்டிட்டு நாம "சேவை" பண்றோம். யோசிக்க வேண்டிய விஷயம்.

அப்புறம் என்ன ஆச்சு? வருஷத்துக்கு ரெண்டு கடிதமாவது லோக் க்ரூகிட்டேர்ந்து வரும். அந்தப் பையன் வளர்ந்து சியாம் ரீப்ல ஒரு விடுதியில வேலைக்குச் சேர்ந்தான். 2019-ல கம்போடியாவுக்கு 66 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தாங்க. 2020-ல கொரோனா, எண்ணிக்கை 13 லட்சம். விடுதி மூடிட்டாங்க. இங்கிலீஷ் தெரிஞ்சவன், தெரியாதவன் எல்லாரும் ஒண்ணா வயலுக்குத் திரும்பினாங்க. "நாம ஓட்டலுக்குன்னு ஆள் தயார் பண்ணினோமோ?"ன்னு லோக் க்ரூவுக்கு எழுதினேன். அவர் பதில்: "அவன் வீட்டுக்குத் திரும்பினான். திரும்ப வீடு இருந்தது." அதுக்கு மேல அவர் எழுதல. அந்த வருஷம் பையன் அதே வீட்டுக்கு அடியில, சின்னப் பசங்களுக்கு ஒண்ணாம் பாடத்துலேர்ந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சான்.

சரி, போகணுமா வேண்டாமா?

போங்க. ஆனா இதையெல்லாம் கேட்டுட்டுப் போங்க.

ஒண்ணு, நீங்க போற வகுப்புல உள்ளூர் வாத்தியார் இருக்காரா? நீங்க கிளம்பின மறுநாள் வகுப்பு நடக்குமா? ரெண்டுக்கும் இல்லைன்னா வேற இடம் பாருங்க.

ரெண்டு, ரெண்டு மாசத்துக்குக் குறைவா இருந்தா பசங்களுக்கு நடத்தாதீங்க. வாத்தியாரோட உட்கார்ந்து அவர் இங்கிலீஷைப் பழக்குங்க. அவர் அதைப் பத்து வருஷம் நடத்துவார்.

மூணு, உங்ககிட்ட போலீஸ் சான்றிதழ் கேக்காத, யாரு என்னன்னு விசாரிக்காத இடத்துக்குப் போகாதீங்க. உங்களை விசாரிக்காதவன் அடுத்த ஆளையும் விசாரிக்க மாட்டான். குழந்தைகள் தங்கற இல்லத்துக்குள்ள சுற்றிப் பார்க்கப் போகவே வேண்டாம்.

நாலு, கட்டற பணம் எங்க போகுதுன்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கறவங்ககிட்ட கட்டாதீங்க.

அஞ்சு, அந்த ஊர் மொழியில நூறு வார்த்தையாவது கத்துக்கிட்டுப் போங்க. அவங்க நாக்கு எங்க மடங்கும், எங்க அடைக்கும்னு தெரியாம உச்சரிப்பு சொல்லித்தர முடியாது.

ஆறு, நிற அட்டைகளை வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க. சிவப்பு அவங்களுக்குத் தெரியும் :-)

இதுக்கு மேலயும் சந்தேகம் இருந்தா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். இப்போதைக்கு அக்குன்! கெமர்ல நன்றின்னு அர்த்தம். கடைசி "ன்"னை வாய்க்குள்ளயே வெச்சுக்கணும், வால் ஒட்டக் கூடாது.